இடுப்பு வாரைத் தேடி ஆம்பூர் வரை

மத்ரஸாவில் பாடம் சொல்லித் தருகின்ற ஒருவனுக்கு மோட்டார் சைக்கிளில் என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். என் பிழைப்பில் பாதி அதன் மீதுதான் நடைபெறுகின்றது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையின் இருமருங்கிலும் உள்ள சிற்றூர்களின் மக்தபுகளை மேற்பார்வையிடும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. வாரத்தில் மூன்று நாட்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வண்டியோ பழைய ஹீரோ ஹோண்டா. முன்பெல்லாம் கைலியுடனேயே சென்று வந்தேன். ஒருநாள் கைலியின் ஓரத்தைச் சங்கிலி கவ்விக்கொண்டு, நடுச்சாலையில் என் மானத்தையும் உயிரையும் ஒருங்கே சோதித்துவிட்டது. அன்று முதல் நீண்ட ஜிப்பாவுக்குள் கால்சட்டை. கால்சட்டைக்கு ஒரு பெல்ட்.

அந்தப் பெல்ட்டைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அதை ஒரு பெருநாள் கடைத்தெருவில் நின்றவாறே வாங்கினேன். பளபளப்பான கறுப்பு நிறம். உள்ளங்கையில் பாதியளவு கனத்த இரும்புக் கொக்கி. வயிறு சற்று முன்தள்ளத் தொடங்கிய வயது அல்லவா, ஒரு துளை இறுக்கிப் போட்டால் ஆள் மிடுக்காகத் தெரிவதாக எனக்கொரு நினைப்பு. அந்த மிடுக்கின் விலை பிறகுதான் தெரிந்தது.

முதலில் வலது தொடையின் வெளிப்புறம் எரிந்தது. வண்டியில் ஏறி இருபது நிமிடம் ஆனதும் மிளகாய் அரைத்துப் பூசியதைப் போன்ற ஓர் எரிச்சல். சில வாரங்களில் எரிச்சல் போய் மரத்துப்போதல் வந்தது. ஒருநாள் லுஹர் தொழுகையில் அத்தஹிய்யாத் இருப்பில் அமர்ந்து வலக்கையைத் தொடை மீது வைத்தேன். கை தொடையை உணர்ந்தது. தொடை கையை உணரவில்லை. அந்தத் தொழுகையை எவ்வாறு முடித்தேன் என்பதை இறைவனே அறிவான். என் தந்தையார் பக்கவாதத்தில் ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர். அதன் முதல் அடையாளம் கால் மரத்தல்தான் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று வாரங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இரவில் எல்லோரும் உறங்கிய பின் தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பேன். இரண்டு பெண்மக்களுக்கு இன்னும் நிகாஹ் ஆகவில்லை. மகனுக்குப் படிப்பு முடியவில்லை. மனம் எங்கெங்கோ சென்றது.

என் வீட்டார்தான் கண்டுபிடித்தார். "என்னங்க, காலைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்க, என்கிட்ட எதை மறைக்கிறீங்க?" என்று கேட்டபோது சொல்லிவிட்டேன். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. இரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தது. மருத்துவர் என்னைப் படுக்க வைத்து, ஒரு பஞ்சுத் துண்டால் இரு தொடைகளையும் வருடிப் பார்த்துவிட்டு, "பாய், அந்த பெல்ட்டைக் கொஞ்சம் கழட்டுங்க" என்றார். இடுப்பெலும்பின் முன்முனையில் கொக்கியின் விளிம்பும் வாரின் மேலோரமும் சேர்ந்து ஒரு கருந்தழும்பையே உண்டாக்கியிருந்தன. அதைப் பார்த்து அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் விளக்கியது இதுதான். இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே, கவட்டையின் இறுக்கமான நார்ப்பட்டைக்கு அடியில் மெல்லிய நரம்பொன்று நுழைந்து தொடையின் வெளிப்புறத் தோலுக்குச் செல்கின்றது. தொடு உணர்ச்சியை எடுத்துச் செல்வது ஒன்றே அதன் பணி. காலை அசைக்கும் ஆற்றலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இறுக்கமான பெல்ட், இறுக்கமான கால்சட்டை, பெருத்த வயிறு ஆகியவை அதை நசுக்கினால் எரிச்சலும் மரத்தலும் தோன்றும். மருத்துவ நூல்களில் அதற்கு மெரால்ஜியா பாரெஸ்தெட்டிகா என்று பெயர். 1895ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டியவர் ரோத் என்ற ரஷ்ய மருத்துவர். இடுப்பு வாரை இறுகக் கட்டிக்கொண்டு குதிரை மேல் சவாரி செய்தவர்களிடம் இதைக் கண்டாராம். குதிரை போய் ஹீரோ ஹோண்டா வந்திருக்கிறது. வாரும் நரம்பும் மனிதனின் மிடுக்கும் அப்படியேதான் இருக்கின்றன.

"பக்கவாதம் இல்லை பாய். பெல்ட்டை மாத்துங்க, வயித்தைக் குறைங்க, சில மாசத்துல சரியாகும்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்! வெளியே வந்ததும் ஒரு தேநீர்க் கடையில் என் வீட்டாருக்கும் எனக்கும் தேநீர் வாங்கி, மூன்று வாரத்திற்குப் பிறகு அன்றுதான் அதன் சுவையை அறிந்தேன்.

இனி எந்தப் பெல்ட்டை வாங்குவது என்பதே கேள்வி. அந்நேரத்தில் ஆம்பூரிலிருந்து அழைப்பு வந்தது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் என்னுடன் ஓதிய நண்பர் இப்போது அங்கே தோல் வணிகத்தில் இருக்கின்றார். அவர் மகளின் நிகாஹ். தோலூருக்கே அழைப்பு வந்திருக்கும்போது திருச்சிக் கடைவீதியில் எதற்காகத் தேட வேண்டும்? பேருந்தில் போகுமாறு மகன் வற்புறுத்தினான். காலின் மீது எனக்கிருந்த அச்சத்தை முறித்துவிட வேண்டும் என்றொரு பிடிவாதம் என்னுள் இருந்தது. பெல்ட் இல்லாமல், நாடா வைத்துத் தைத்த பைஜாமாவின் கணுக்காலில் துணிப்பட்டி கட்டிக்கொண்டு, ஃபஜ்ர் தொழுததும் புறப்பட்டேன்.

முசிறி வரை காவிரி கூடவே வருகின்றாள். நாமக்கல்லில் காலைச் சிற்றுண்டி. சேலத்தைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது, எதிர்ப்புறம் இறங்கும் சரக்கு வண்டிகளைக் கண்டு ஓதாமல் செல்பவர் குறைவு; நானும் ஓதினேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, பர்கூர் என்று சாலை நீள்கின்றது. வலப்புறம் ஏலகிரி மலை தெரியத் தொடங்கினால் வாணியம்பாடி நெருங்கிவிட்டது என்று பொருள். முந்நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தேன். தொடை ஒருமுறைதான் எரிந்தது. அதுவும் சேலத்தருகே, சட்டைப்பைக்குப் பதிலாகப் பின்பையில் பணப்பையை வைத்துச் சாய்ந்து அமர்ந்திருந்தபோது. அதை எடுத்து முன்னே வைத்ததும் நின்றது. பின்பையில் தடித்த பணப்பையுடன் வண்டி ஓட்டுபவர்கள் இதையும் கவனித்துக்கொள்ளட்டும். இடுப்பு ஒருபுறம் கோணுவதால் முதுகும் வலிக்கும்.

வாணியம்பாடியும் ஆம்பூரும் 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில் இன்று உள்ளன. நம் சமுதாயத்தின் தோல் வணிகச் செல்வம் கல்விக்கூடங்களாக மாறிய நிலம் இது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தோன்றியது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தின் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924இல். கடைப் பலகைகளில் தமிழுடன் உருதும் நிற்கின்றது. காலையிலும் மாலையிலும் காலணித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் பெண்களை ஏற்றி இறக்கிச் செல்கின்றன. அவ்வூர்களின் அடுப்புகள் பல அந்தப் பெண்களின் கூலியில் எரிகின்றன என்பதை நம் வீட்டுத் தாய்மார்கள் அறிய வேண்டும்.

நிகாஹ் விருந்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் பெல்ட் மறந்துவிடும். சீரக சம்பா அரிசிப் பிரியாணி, கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி என்று மட்டும் சொல்லி நகர்கின்றேன். விருந்து முடிந்த கையோடு நண்பர் என்னை ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்றார். எழுபதைக் கடந்த ஒரு பெரியவர், மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். விவரம் கேட்டவர் அளவு நாடாவை எடுத்தார். "இப்பத்தான் சாப்பிட்டேன், காலையில் அளக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஹஜ்ரத், வயிறு நிறைஞ்சப்போ அளந்தாத்தான் சரி. அந்த ஸ்டூல்ல வண்டியில உட்கார்ற மாதிரி உட்காருங்க. நின்னுக்கிட்டு அளந்த பெல்ட் நிக்கிறவனுக்குத்தான் ஆகும்" என்றார்.

கைகளை முன்னே நீட்டி, முழங்கால்களை அகற்றி, இல்லாத வண்டியின் மீது அமர்ந்தேன். நின்றபோது இருந்ததைவிட என் இடுப்பு இரண்டு அங்குலம் கூடுதல்! அந்த இரண்டு அங்குலத்தைத்தான் பழைய பெல்ட் நாள்தோறும் என் நரம்பின் மீது ஏற்றியிருக்கின்றது. முன்னோக்கிக் கைநீட்டி அமரும்போது வயிறு மடிந்து கொக்கியின் மேல் கவிழ்கின்றது. சாலையின் ஒவ்வொரு குழியிலும் அந்த இரும்பு ஓர் இடி இடிக்கின்றது. கொக்கி சிறியதாகவும் தட்டையாகவும், மூலைகள் மழுங்கியதாகவும் இருக்க வேண்டும் என்றார் பெரியவர். வண்டியில் ஏறும்போது அதை நடுவிலிருந்து பக்கவாட்டில் சற்று நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் இடுப்பெலும்பின் முனைக்கு நேரே வரக்கூடாது. இதனால் பெட்ரோல் தொட்டியின் வண்ணத்தில் கீறல் விழுவதும் குறையும் என்று நண்பர் சேர்த்துக்கொண்டார். அவருக்கு வண்டி மீதுதான் கவலை.

துளைகளைப் பற்றி அதுவரை நான் சிந்தித்ததே இல்லை. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஓரங்குல இடைவெளியில் ஐந்து துளைகள். ஒரு துளையில் இறுக்கம், அடுத்ததில் தளர்ச்சி. நமக்கு வேண்டியதோ இரண்டுக்கும் நடுவில் இருக்கும். பெரியவர் அரை அங்குலத்திற்கு ஒன்றாக ஏழு துளைகள் இட்டார். அமர்ந்த நிலையில் வாருக்கும் வயிற்றுக்கும் இடையே இரண்டு விரல் தடையின்றி நுழைய வேண்டும் என்பது அவர் கணக்கு. அகலம் முப்பது மில்லிமீட்டர் போதும் என்றார். நாற்பதுக்கு மேற்பட்ட விறைப்பான வார், குனியும்போது மேலோரம் விலாவின் கீழும் கீழோரம் தொடை மடிப்பிலும் குத்தும்.

இதைக் கேட்டதும் என் பாட்டனாரின் பச்சை பெல்ட் நினைவுக்கு வந்தது. நம் பெரியவர்கள் கைலியின் மேல் கட்டிய, பணம் வைக்கப் பைகள் தைத்த அந்த அகலமான பெல்ட்டை இளைய வாசகர்கள் பலர் கண்டிருக்க மாட்டார்கள். அதைக் கட்டிக்கொண்டே அவர் மிதிவண்டியில் ஊர் ஊராகத் துணி விற்றார். அகலம் குத்தும் என்றால் அவருக்கு ஏன் குத்தவில்லை? பெரியவரிடமே கேட்டேன். அது மெத்தென்று வளையும். கால்சட்டையின் பட்டிக்குள் சிறைப்படாமல் இடுப்பின் மீது தாழ்ந்து, தளர்வாகக் கிடக்கும். அகலமும் மென்மையும் சேர்ந்தால் அழுத்தம் பரவுகின்றது. அகலமும் விறைப்பும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஹஜ்ஜுக்குச் செல்வோர் இஹ்ராமின் மேல் கட்டும் துணிப் பெல்ட் மணிக்கணக்கில் நடந்தும் உறுத்தாததற்கு இதுவே காரணம்.

அடுத்துத் தோல். ஒரு முழுத்தோலை விரித்துக் காட்டினார். முதுகெலும்பை ஒட்டிய பகுதியின் நார்கள் நெருக்கமானவை. அதில் நீளவாக்கில் வெட்டிய வார் எளிதில் இழுபடாது. வயிற்றுப் பகுதித் தோல் நாளடைவில் இழுபட்டுக் கோணிவிடும். என் பழைய பெல்ட்டை அவரிடம் கொடுத்தேன். மடித்தார், மேற்பூச்சு வெடித்தது. ஓரத்தை நகத்தால் கீறினார். உள்ளிருந்து அட்டை போன்ற தூள் உதிர்ந்தது. தோல் கழிவை அரைத்துப் பசையிட்டு அழுத்தி, மேலே பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்த சரக்காம். "இது தோல் இல்லை ஹஜ்ரத், தோலோட மவுத்து" என்று கூறித் திருப்பித் தந்தார். நல்ல வாரின் வெட்டோரத்தில் நார்கள் தெரியும். மடித்தால் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும்.

ஒரு மார்க்க விஷயத்தையும் அங்கே கேட்டுத் தெளிந்தேன். பதனிடப்பட்ட தோல் தூய்மையானது என்பதும், பன்றித் தோல் பதனிட்டாலும் தூய்மையாகாது என்பதும், ஷாஃபி மத்ஹபில் நாயின் தோலும் அவ்வாறே என்பதும் நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் பாடம். வெளிநாட்டிலிருந்து வரும் சில காலணிகளிலும் பெல்ட்டுகளிலும் உட்புறம் பன்றித் தோல் ஒட்டுவதுண்டு. அதை எவ்வாறு அறிவது? பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்து, தாம் பழைய மாதிரியாக வைத்திருந்த ஒரு துண்டைக் குறட்டால் பிடித்துக் காட்டினார். மயிர்த்துளைகள் மும்மூன்றாக, முக்கோண வடிவில் கூடியிருந்தன. மாட்டுத் தோலில் அவை தனித்தனியாகப் பரவியிருக்கும். பல ஆண்டுகளாக இந்தச் சட்டத்தைப் பாடம் நடத்தியவன், அதன் அடையாளத்தை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இறுதியில் அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது சற்றே மங்கிய பழுப்பு நிற வார். பூச்சு ஏதும் இல்லை. முகர்ந்தால் மரப்பட்டை மணம். ஆம்பூரில் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிடுகின்றார்கள். சென்னையில் 1903 வாக்கில் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சோதித்துப் பரப்பிய முறை அது. மெல்லிய, மேற்காலணித் தோலுக்கு அது சிறந்தது. பெல்ட்டுக்குப் பட்டையில் பதனிட்ட தோலே ஏற்றது. உடலின் வெம்மையில் மெல்ல வளைந்து, அணிபவரின் இடுப்பு வடிவத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடிப்பது நம் முன்னோர் முறை. பிற்காலத்தில் வாட்டில் மரப்பட்டைச் சாறு ஆவாரையின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. ஈ.ஐ. தோல் என்று உலகச் சந்தை அதை அறியும். புவிசார் குறியீடும் பெற்றிருக்கின்றது.

"இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

"உங்க ஊர்தான் ஹஜ்ரத். திருச்சி செம்பட்டு. ஈரோடு, திண்டுக்கல்லிலும் போடுவாங்க."

நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். திருச்சி–புதுக்கோட்டைச் சாலையில் செம்பட்டு எங்கே இருக்கின்றது என்பது எனக்குத் தெரியாதா? வாரத்தில் மூன்று நாட்கள், மூக்கை மூடிக்கொண்டு, அதைக் கடந்துதான் மக்தபுகளுக்குச் செல்கின்றேன்.

அஸருக்குப் பின் பாலாற்றங்கரைக்குச் சென்றோம். ஆறு என்று சொல்லும் அளவுக்கு அங்கே நீர் இல்லை. மணல், முட்புதர், ஓரமாகக் கறுத்த ஓர் ஓடை. தோல் கழிவுகளால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டதைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆயினும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. நண்பர் தோல் வணிகர்; அவர் முகத்தைப் பார்த்து இதைப் பேச எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே தொடங்கினார். "எங்க வாப்பா காலத்துல இந்த ஊத்துத் தண்ணியைத்தான் குடிச்சோம். இப்ப என் வீட்டுக்குத் தண்ணி லாரியில வருது. தொழிலை விட்டா இத்தனை பேர் சோத்துக்கு எங்க போவாங்க, சொல்லுங்க" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. புதிய வாரைக் கையில் சுருட்டி வைத்திருந்தேன், சற்றுக் கனத்தது. பட்டைத் தோலின் கழிவு குரோம் அற்றது என்றாலும், உப்பும் நிறமும் அதிலும் உண்டு. செம்பட்டில் நான் மூக்கை மூடுவது எதற்காக?

மறுநாள் அதை அணிந்தே திரும்பினேன். புதிய தோல் என்பதால் முதல் நூறு கிலோமீட்டர் வரை விறைப்பு. கிருஷ்ணகிரியில் ஒரு துளை தளர்த்தினேன். சேலத்தில் அதுவும் வேண்டியிருக்கவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து, கைபேசி உறை எதையும் மாட்டாதீர்கள் என்று பெரியவர் எச்சரித்திருந்தார். ஒருமுறை மணலில் சறுக்கி விழுந்தபோது தரையை விட என் சாவிக்கொத்துதான் இடுப்பை அதிகம் காயப்படுத்தியது. ஆகவே அவர் சொல்லாமலே அது எனக்குத் தெரியும். முதுகுவலிக்காரர்கள் மருந்துக் கடையில் வாங்கும் அகல இடுப்புப் பட்டையைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். அது வேறு, மருத்துவர் சொன்ன காலத்திற்கு மட்டும் கட்ட வேண்டியது. தோல் விலை கட்டுப்படியாகாத இளைஞர்கள், நெகிழும் நாடாவில் பிளாஸ்டிக் கொக்கி வைத்த பெல்ட்டை வாங்கலாம். என் மகன் அதைத்தான் அணிகின்றான். துளையே இல்லாததால் எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ள முடிகின்றது. வியர்வைக்குத் துவைத்தும் போடலாம். தோல் வாரைத் துவைக்க இயலாது. இரவில் சுருட்டி வைக்காமல் ஆணியில் தொங்கவிட்டு, வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும் என்பது பெரியவர் சொன்ன பக்குவம்.

நான்கு மாதங்கள் கழிந்துவிட்டன. தொடையில் உள்ளங்கை அளவு இடம் இன்னும் சற்றே மந்தமாக இருக்கின்றது, எரிச்சல் இல்லை. அத்தஹிய்யாத்தில் கையை வைத்தால், மங்கலாக என்றாலும், தொடை அதை அறிகின்றது. செம்பட்டைக் கடக்கும்போது இப்போது மூக்கை மூடுவதில்லை. சென்ற சனிக்கிழமை வண்டியை நிறுத்தி, வேலை முடிந்து வெளியே வந்த ஒருவரிடம் என் பெல்ட்டைக் காட்டினேன். கைகளில் பட்டைச்சாற்றின் பழுப்புக் கறை மாறாத அந்த மனிதர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். "நம்ம சரக்குதான். என்ன விலைக்கு வாங்கினீங்க பாய்?" என்றார். சொன்னேன். "அம்புட்டா!" என்று கூறிச் சிரித்துவிட்டு, மிதிவண்டியில் ஏறிச் சென்றார்.